முதலில் பீஸைக் கையில் வாங்குங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் நிர்வாகி எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள நான் அவருடைய அறைக்குப் போகமாட்டேன். நேராகச் செக்கிங் டேபிளுக்குத்தான் போவேன். கடைசியாக வந்த பெரிய டேமேஜ் முதலில் யார் கண்ணில் பட்டது, அது மேனேஜர் காதுக்கு எத்தனை மணிக்குப் போனது என்று கேட்பேன். கண்ணில் பட்ட நேரத்துக்கும் காதுக்குப் போன நேரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிட்டால் போதும், அந்த மேனேஜரைப் பற்றி வேறு யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

நான் இந்தத் தொழிலுக்குள் செக்கிங் டேபிள் வழியாக வந்தவள். பிறகு குவாலிட்டி கன்ட்ரோலர், அதற்குப் பிறகு தயாரிப்புப் பிரிவின் மேனேஜர். இப்போது கம்பெனி கம்பெனியாகப் போய், லைன் சூப்பர்வைசர்களுக்கும் ஃப்ளோர் மேனேஜர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். பயிற்சிக்குக் கூப்பிடுகிற முதலாளிகள், "இவங்களுக்குக் கோபத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடுங்க மேடம்" என்பார்கள். கோபத்தைக் குறைப்பது அவரவர் உடம்புக்கு நல்லதுதான். நான் கற்றுக்கொடுப்பதன் நோக்கம் வேறு. மேலே இருப்பவர் தன் மனத்தைக் கையாளத் தெரிந்திருந்தால் கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்த உண்மை அவருக்குச் சீக்கிரம் வந்து சேரும். தெரியாவிட்டால் தாமதமாக வரும், அல்லது வரவே வராது. எங்கள் தொழிலில் லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் அந்தத் தாமதத்தில்தான் தீர்மானமாகின்றன.

கட்டிங் மேஜையிலேயே தவறு தெரிந்துவிட்டால் துணியோடு போகும். தையலில் தெரிந்தால் பிரித்துத் தைக்கலாம். அயர்ன் போட்டு, பாலிபேக்கில் நுழைத்து, அட்டைப்பெட்டி ஒட்டிய பிறகு தெரிந்தால் அத்தனை பெட்டியையும் திறக்க வேண்டும். யாருமே சொல்லாமல் விட்டு, பையர் தரப்பு கியூசி வந்து கண்டுபிடித்தால் கதையே மாறிவிடும். அவர்களுக்கு ஏக்யூஎல் 2.5 என்று ஒரு கணக்கு உண்டு. 5,000 பீஸ் உள்ள ஒரு லாட்டில் 200 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். மேஜர் டிபெக்ட் 10 வரை பாஸ், 11 ஆனால் ஃபெயில். ஃபெயில் என்றால் மறுபடி முழுச் செக்கிங். அதற்குள் தூத்துக்குடியில் கப்பல் கிளம்பியிருக்கும். சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும். ஒரு சீசனின் லாபம் முழுக்க ஒரே ஏர் ஷிப்மென்டில் கரைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் குவாலிட்டி பொறுப்பில் இருந்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். நேவி ப்ளூ டி ஷர்ட் ஆர்டர். சாயப் பட்டறையிலிருந்து துணி ஒவ்வொரு தொட்டியாக வரும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு லாட் நம்பர். ஒரே நேவிதான், ஆனாலும் லாட்டுக்கு லாட் ஒரு நூலிழை வித்தியாசம் இருக்கும். அதனால் உடம்புக்கும் கைக்கும் ஒரே லாட் துணியைத்தான் வெட்ட வேண்டும். அன்றைக்கு பண்டல் சீட்டு மாறிப்போய், ஒரு லாட் உடம்போடு இன்னொரு லாட் கை சேர்ந்துவிட்டது. மேலே எரிகிற டியூப் லைட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. பகல் வெளிச்சத்தில் கை கொஞ்சம் சிவப்பு ஓடித் தெரிந்தது. ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோல இருக்கும் இரண்டு சாயம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து தெரியும். லைட் பாக்ஸில் வைத்து டி65, டிஎல்84 என்று விளக்குகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது அதற்காகத்தான்.

அதை முதலில் பார்த்தவள் லைனில் டெய்லருக்கு உதவியாகக் கைமடி வேலை செய்த ஒரு பெண். டீக்கு விட்டபோது கட்டித் தூக்கிய பீஸ்களோடு ஜன்னல் பக்கம் போயிருக்கிறாள், வெளிச்சம் விழுந்ததும் கண்ணில் பட்டுவிட்டது. சூப்பர்வைசருக்குத் தெரியும்போது சாயங்காலம். அதற்குள் அந்த லாட்டில் பாதிக்கும் மேல் தைத்து முடித்திருந்தார்கள்.

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எப்ப கண்ணு பார்த்தே?"

"டீக்கு விட்டப்பவே பார்த்துட்டனுங்க மேடம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"டெய்லர் அக்காகிட்டச் சொன்னனுங்க. அண்ணன் காலையில இருந்தே கத்திட்டு இருக்காரு, இப்பப் போய்ச் சொன்னா நம்ம மேலதான் விழும், பேசாம இருன்னுட்டாங்க."

அந்த அண்ணன், அதாவது சூப்பர்வைசர், கெட்டவர் அல்ல. லைனில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர். அன்று காலை எட்டரைக்கு, பையரோடு ஆர்டர் பேசுகிற மெர்ச்சண்டைசர் போனில் அவரை வாங்கு வாங்கு என்று வாங்கியிருந்தார். அந்தச் சூட்டோடு லைனுக்கு வந்து, ஊசி மாற்றக் கேட்ட ஒரு டெய்லரிடம் எரிந்து விழுந்தார். அத்தோடு மறந்தும்விட்டார். ஆனால் லைனில் இருந்த முப்பது பேரும் மறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு இவரிடம் எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை அது, ஆனால் அன்று முழுக்க நிலைத்தது.

இப்போது லைன்களில் ஒடிசா, ஜார்கண்ட், பீகார்ப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். சூப்பர்வைசர் தமிழில் என்ன சொல்கிறார் என்பதில் பாதிதான் அவர்களுக்குப் புரியும், ஆனால் முகம் முழுதாகப் புரியும். யாரோ ஒருவரைத் திட்டும்போது அது தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டு அன்று முழுக்கத் தலை நிமிராமல் தைத்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். தலை நிமிராதவன் கண்ணில் டேமேஜ் பட்டாலும் வாயைத் திறக்கமாட்டான்.

பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் எழுந்து, எல்லார் மனதிலும் இருப்பதைச் சொல்லிவிடுவார்: "மேடம், நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா திட்டினாத்தான் புரொடக்ஷன் வருது. நான் கண்ணால பார்த்திருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. நேற்று லைன் படுத்துவிட்டது, அவர் திட்டினார், இன்று எண்ணிக்கை ஏறியது. போன வாரம் ஒரு நாள் நன்றாக ஓடியது, பாராட்டினார், மறுநாள் இறங்கியது. வருஷக்கணக்கில் இதையே பார்த்தவர் வேறு எந்த முடிவுக்கு வருவார்?

இதே பேச்சை இஸ்ரேல் விமானப் படையின் பயிற்சியாளர்களிடம் கேட்டதாக டேனியல் கானமன் எழுதியிருக்கிறார். 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய உளவியலாளர் அவர். நன்றாகப் பறந்த பயிற்சி விமானியைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாகப் பறக்கிறான், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாகப் பறக்கிறான், அதனால் பாராட்டு உதவாது என்றார் ஒரு பயிற்சியாளர். கானமன் வாதாடவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, எல்லோரையும் அதற்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி, ஆளுக்கு இரண்டு காசை அடுத்தடுத்துப் பார்க்காமல் வீசச் சொன்னார். முதல் வீச்சு குறிக்குப் பக்கத்தில் விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது தள்ளி விழுந்தது. முதல் வீச்சு தூரமாகப் போனவர்களுக்கு இரண்டாவது கிட்டே வந்தது. நடுவில் யாரும் யாரையும் பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை.

நான் வகுப்பில் காசுக்குப் பதிலாகச் சட்டைப் பட்டன் கொடுக்கிறேன். இரண்டு வரிசையாக நிற்க வைத்து வீசச் சொல்லி, விழுந்த தூரத்தை இஞ்ச் டேப்பால் அளந்து போர்டில் எழுதுவோம். பிறகு அவரவர் லைனின் தினசரி புரொடக்ஷன் நோட்டை எடுக்கச் சொல்வேன். ஒரு லைன் ஒரு நாள் படுப்பதற்கு எத்தனையோ காரணம்: கட்டிங்கிலிருந்து பண்டல் வரவில்லை, ப்ளாட்லாக் ஓட்டுகிற ஆள் லீவு, நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, ரிப் துணி பட்டறையிலேயே நின்றுவிட்டது. இவை எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்ந்தால் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். மறுநாளும் அப்படியே எல்லாம் சேர்ந்து வருவது அபூர்வம், அதனால் தானாகவே ஏறும். நாம் எப்போதும் அடிமட்ட நாளில்தான் திட்டுகிறோம். மறுநாள் ஏறியதைத் திட்டின் பலன் என்று நம்பிவிடுகிறோம். திட்டாமல் விட்ட மோசமான நாட்களையும் நோட்டில் தேடிப் பாருங்கள், மறுநாள் என்ன ஆயிற்று என்று பாருங்கள் என்பேன். பெரும்பாலும் அவையும் ஏறித்தான் இருக்கும். அந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். நான் எத்தனை மணி நேரம் பேசினாலும் நடக்காதது, தன் கையெழுத்தில் தானே எழுதிய நோட்டைப் பார்க்கும்போது நடந்துவிடுகிறது.

சரி, திட்டுவதால் பலன் இல்லை. அடக்கிக்கொண்டால் போதுமா? போதாது. அடக்கிக்கொள்கிறவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். தாங்கள் பொறுமையாக இருப்பதாக அவர்களுக்கு நினைப்பு. லைனில் இருப்பவர்களோ, கத்துகிறவரைவிட இவருக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள், எப்போது வெடிக்கும் என்று தெரியாதே.

ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கிராஸ் இந்த அடக்குதலைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். உணர்ச்சி வெளியே தெரியாமல் முகத்தை இறுக்குகிறவருக்கு உள்ளே உணர்ச்சி தணிவதில்லை, உடம்பின் படபடப்பும் குறைவதில்லை என்று அவர் காட்டினார். எமிலி பட்லரும் கிராஸும் சேர்ந்து 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. முன்பின் தெரியாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, மனத்தை உலுக்கும் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவருக்கு மட்டும், உணர்ச்சியை முகத்தில் காட்டாதே என்று ரகசியமாகச் சொல்லப்பட்டது. அவருக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. எதிராளிக்கு இந்த ரகசியம் தெரியாது, ஆனாலும் அவர் உடம்பு கண்டுகொண்டது. மேனேஜர் அறைக்குள் போய்விட்டு வருகிற பெண்கள் பாத்ரூம் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதை அந்த ஆய்வுக்கு வெகுகாலம் முன்பே நான் பார்த்திருக்கிறேன்.

கத்தவும் கூடாது, கல்லாகவும் கூடாது என்றால் வேறு என்னதான் செய்வது? நான் செய்வதும் சொல்லிக்கொடுப்பதும் மிகச் சிறிய ஒரு காரியம். யாராவது டேமேஜோடு உங்களை நோக்கி வந்தால், ஒரு வார்த்தையும் பேசுவதற்கு முன் கையை நீட்டி அந்தப் பீஸை வாங்குங்கள்.

வாங்கி, உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டுங்கள். ஷோல்டர் தையலைக் கட்டைவிரலால் தடவுங்கள். சைடு தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். கழுத்து ரிப்பை விரித்துப் பாருங்கள். கறையோ ஓட்டையோ இருக்கும் இடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பாருங்கள், வெளிச்சம் போதாவிட்டால் ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள். இதற்கெல்லாம் அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷம் உங்கள் கண் பீஸின் மேல் இருக்கிறது, கொண்டுவந்தவர் முகத்தின் மேல் இல்லை. நெஞ்சில் ஏறிய முதல் சூடு அதற்குள் பாதி இறங்கிவிடும். கொண்டுவந்தவருக்கும் ஒன்று விளங்கிவிடும்: இவர் பார்ப்பது துணியை, என்னை அல்ல.

அதற்குப் பிறகு கேட்க வேண்டியது, "எப்ப இருந்து வருது? எத்தனை பீஸ் போயிருக்கும்?" இந்த இரண்டும்தான். "யார் தைச்சது?" என்ற கேள்வி அன்று மாலைவரை காத்திருக்கலாம். அந்தக் கேள்வி முதலில் வந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் நேரான பதில் கிடைக்காது. கடைசியாக, கொண்டுவந்தவரிடம், "நல்லவேளை இப்பவே சொன்னீங்க" என்று ஒரு வார்த்தை. இதை லைனில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு பொடியான விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், "இனிமேல் பொறுமையாக இருப்பேன்" என்ற தீர்மானம் ஷிப்மென்ட் வாரத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். பொதுவான நல்ல எண்ணத்தைவிட, "இது நடந்தால் நான் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவைத்த திட்டம்தான் நெருக்கடியில் வேலை செய்கிறது. அந்தச் சூழ்நிலையே நமக்கு ஞாபகப்படுத்திவிடுகிறது. பீஸோடு ஆள் வந்தால் கை நீளும் என்று கையைப் பழக்கிவிட்டால், மனசு எந்த நிலையில் இருந்தாலும் கை தன் வேலையைச் செய்துவிடும்.

சில நாள் அதுவும் போதாது. பையர் ஆர்டரைக் குறைத்துவிட்டான், பேங்கில் பிரச்சினை, வீட்டில் பிரச்சினை. அப்படிப்பட்ட நாளில் லைனுக்குள் நுழையும்போதே சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டு, "இன்னிக்கு எனக்கு மனசு சரியில்ல. ஆபீஸ் விஷயம், உங்க மேல ஒண்ணும் இல்ல. ஏதாவது இருந்தா வழக்கம்போல வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிடுவேன். ஆண் மேனேஜர்களுக்கு இது வாயில் வரவே வராது, கௌரவக் குறைச்சல் என்று நினைப்பார்கள். ஆனால் உணர்ச்சியைப் பெயர் சொல்லிச் சொல்வதற்கே ஒரு பலன் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மன் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கோபமும் பயமும் தெரிகிற முகப் படங்களைப் பார்ப்பவர்கள் அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் சொன்னபோது, மூளையில் அபாயத்துக்குத் துள்ளி எழும் அமிக்டலா என்ற பகுதி அடங்கியதைப் படம் பிடித்துக் காட்டினார். அது ஆய்வுக்கூடத்து விஷயம். ஃப்ளோரில் எனக்குத் தெரிந்தது, சொல்லிவிட்டால் முப்பது பேர் என் முகத்தைப் பார்த்து ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை என்பது.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதில் நான் கண்டிப்பானவள். ஷிப்மென்ட் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரண்டாவதும் ஓடும். மேனேஜர் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்தவர், ராத்திரி பத்தரைக்கும் ஃப்ளோரில் நிற்பார். அப்போது அவர் விழித்திருப்பது 17 மணி நேரம். டாசன், ரீட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை, அதாவது 0.03 சதவீதம். அந்த 0.05 அளவு மதுவோடு ஒருவர் வண்டி ஓட்டினால் போலீஸ் பிடிக்கும், ஆனால் அதற்குச் சமமான தலையோடு முந்நூறு பேரை நிர்வாகம் செய்தால் யாரும் கேட்பதில்லை. நான் மேனேஜராக இருந்தபோது பத்து மணிக்குமேல் சில காரியங்களைத் தொடமாட்டேன். யாரையும் வேலையை விட்டு நிறுத்தமாட்டேன். பையருக்குப் பதில் மெயில் அனுப்பமாட்டேன், எழுதி வைத்துவிட்டுக் காலையில் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவேன். பீஸ் ரேட் பேச்சுவார்த்தைக்கு உட்காரமாட்டேன். எந்த அவசரமாக இருந்தாலும் இதை மாற்றிக்கொள்ளவில்லை.

முதலாளிகளுக்குப் புரிய வைப்பதில் மிகக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு. ஒரு லைனுக்கு நல்ல சூப்பர்வைசர் வந்த முதல் மாதத்தில் டேமேஜ் எண்ணிக்கை ஏறும். டேமேஜ் இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் அதிகம் செலவாகும். முதலாளி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "புது ஆளு வந்ததுல இருந்து குவாலிட்டி கெட்டுப் போச்சே" என்பார். கெட்டுப்போகவில்லை. இதுவரை மறைந்துகொண்டிருந்தது வெளியே வருகிறது. ஹார்வர்டின் எமி எட்மண்ட்சன் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராயப் போனபோது இதைத்தான் கண்டார். ஒற்றுமையாக வேலை செய்கிற குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் தவறு அதிகமாக வந்தது. தலைமை நர்ஸிடம் பயமில்லாமல் பேச முடிந்த வார்டுகளில் தவறுகள் வெளியே வந்தன, பயந்த வார்டுகளில் புதைந்தன. 1996இல் வந்த அந்தக் கட்டுரையின் சாரத்தை நான் எங்கள் ஊர்த் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, முதலாளிகளிடம் கொடுத்திருக்கிறேன். செக்கிங் டேபிளில் பிடிபடும் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பையர் இன்ஸ்பெக்ஷனில் பிடிபடும் எண்ணிக்கையைப் பாருங்கள். முதலாவது ஏறி இரண்டாவது இறங்கினால் அந்தச் சூப்பர்வைசரைக் கையெடுத்துக் கும்பிடுங்கள் என்று சொல்வேன்.

உண்மை கீழிருந்து மேலே போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மேலிருந்து கீழே வர வேண்டிய உண்மையும் உண்டு. 2011 ஜனவரி 28இல் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நொய்யலுக்கும் அதன் கரையில் பயிர் செய்தவர்களுக்கும் நேர்ந்த அநியாயத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்த உத்தரவைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் பனியன் கம்பெனிகளில் அடுத்த வாரம் துணி வருமா என்று யாருக்கும் தெரியாது. வெளி மாநிலங்களுக்குத் துணியை அனுப்பிச் சாயம் போட்டு வரவழைத்தார்கள், லாரி வருகிற நாளில் வேலை, வராத நாளில் இல்லை. ஊரெங்கும் வதந்தி. சனிக்கிழமைச் சம்பளம் வருமா, வராதா என்ற பயம்.

அப்போது நான் கவனித்த மேனேஜர்களில் பலர் அறையை விட்டு வெளியே வரவில்லை. தெரியாததை எப்படிச் சொல்வது என்ற கூச்சம். ஒருவர் மட்டும் தினமும் மாலை ஷிப்ட் முடிவதற்குக் கொஞ்சம் முன் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லி, ஃப்ளோர் நடுவில் வந்து நிற்பார். "நாளைக்குத் துணி இருக்கு, வேலை இருக்கு. புதன்கிழமைக்கு இன்னும் தெரியலைங்க. தெரிஞ்சதும் நாளைக்கு இதே நேரத்துக்குச் சொல்றேன். இந்த வாரச் சம்பளம் சனிக்கிழமை உண்டு." அவ்வளவுதான் பேச்சு. தெரிந்தது, தெரியாதது, அடுத்து எப்போது சொல்வேன் என்பது. தெரியாது என்று முந்நூறு பேர் முன்னால் நின்று சொல்வதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் குரல் நடுங்காமல் இருந்தது பிறவிக் குணத்தால் அல்ல. பேசப் போகுமுன் மூன்று வரியையும் சீட்டில் எழுதி, கேட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். அந்த மாதங்களில் அவருடைய ஃப்ளோரிலிருந்து ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் மற்ற இடங்களைவிடக் குறைவு என்பது என் கண்ணால் பார்த்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தப் பயிற்சியை நான் எதற்குப் பயன்படுத்த விடமாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். மனத்தைக் கையாளும் பழக்கம் கணக்குத் தவறைச் சரி செய்யாது. ஒரு டி ஷர்ட்டைத் தைக்கக் கணக்கிட்ட நேரம், அதாவது எஸ்ஏஎம், 12 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனில் 30 பேர், ஒரு ஷிப்டுக்கு 480 நிமிஷம். மொத்தம் 14,400 நிமிஷம். லைன் 60 சதவீதத் திறனில் ஓடினால் 720 பீஸ் வரும். மெர்ச்சண்டைசர் பையரிடம் 1,000 பீஸ் என்று ஒப்புக்கொண்டு வந்தால், அதே லைன் 83 சதவீதத்துக்கு மேல் ஓட வேண்டும். அது நாளைக் காலையில் நடக்காது. அந்த 280 பீஸை லைனிலிருந்து பிழிந்தெடுக்கச் சூப்பர்வைசரை அனுப்பிவிட்டு, அவர் ஏன் கத்துகிறார் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பதில் நியாயம் இல்லை. அவரைச் சிரித்த முகத்தோடு பிழியப் பழக்குவது என் வேலையும் இல்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், ஞாயிற்றுக்கிழமைகூட மனசு படபடக்கிறது என்று தனியே வந்து சொல்கிற சூப்பர்வைசர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது என் வகுப்பு அல்ல, மருத்துவ உதவி. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ நான் போகிற எல்லாக் கம்பெனியிலும், டைம் ஆபீஸ் போர்டில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

அதனால் இப்போதெல்லாம் ஒரு கம்பெனி கூப்பிட்டால், வகுப்புக்குத் தேதி கொடுப்பதற்கு முன் அந்த மாதத்து லைன் பிளானைக் கேட்கிறேன். எஸ்ஏஎம், ஆள் எண்ணிக்கை, டார்கெட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பேன். கணக்கு உதைத்தால் முதல் நாள் சூப்பர்வைசர்களோடு அல்ல, முதலாளி, மெர்ச்சண்டைசர், இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து டார்கெட்டைப் பேசி முடிப்பேன். பலர் ஒப்புக்கொள்கிறார்கள், பையரிடம் தேதியைத் தள்ளிக் கேட்கிறார்கள், கிடைக்கவும் கிடைக்கிறது. சிலர், அதெல்லாம் எங்க பாடு, நீங்க வகுப்பை மட்டும் எடுங்க என்பார்கள். அந்தக் கம்பெனிகளுக்கு நான் போவதில்லை.